வார்டில் ஒரு கால், ஆராய்ச்சியில் ஒரு கால்: பிரிட்டன் குழந்தைகள் மருத்துவமனைகளில் கிளினிக்கல் அகாடமிக் ஆவதற்கான முழு வழிகாட்டி

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். நடத்தும் குழந்தைகள் மருத்துவமனைகளில் தமிழ் பேசும் நர்ஸ்கள், பிசியோக்கள், ஃபார்மசிஸ்ட்கள், டாக்டர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆராய்ச்சிப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் பேச்சு பெரும்பாலும் "பிஎச்.டி. எங்கே சேரலாம்?" என்றே ஆரம்பிக்கிறது. என்னைக் கேட்டால் அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை வேறு. வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களுக்கு எழுத்தில் கிடைக்கும்? அந்த நேரத்துக்குச் சம்பளம் யார் தருவார்கள்? அப்போது உங்கள் ஷிப்டில் யார் நிற்பார்கள்? இந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் நீங்கள் செய்யப்போவது, இந்த மூன்றுக்கும் முன்பைவிடக் கொஞ்சம் நல்ல பதிலை வாங்குவதுதான்.

கீழே இருப்பது இங்கிலாந்து நிலவரம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நிதி தரும் அமைப்புகள் தனி. ஆனால் அடிப்படை அங்கேயும் இதேதான்.

இது என்ன வேலை?

இரண்டு வேலைகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ரிசர்ச் நர்ஸ் என்பவர் இன்னொருவர் வடிவமைத்த ஆய்வை மருத்துவமனையில் நடத்திக் கொடுப்பவர். தகுதியுள்ள குழந்தைகளைக் கண்டுபிடிப்பது, பெற்றோரிடம் விளக்குவது, சாம்பிள் எடுப்பது, தரவைப் பதிவதெல்லாம் அவர் பொறுப்பு. பெரும்பாலும் என்.எச்.எஸ். சம்பளப் படிநிலையில் பேண்ட் 6 வேலை, திங்கள் முதல் வெள்ளி வரை. நல்ல வேலை, நல்ல நுழைவாயிலும்கூட. கிளினிக்கல் அகாடமிக் என்பவர் தன்னுடைய கேள்வியை, தன் பெயரில் வாங்கிய நிதியில், தானே ஆராய்பவர். அதே சமயம் வாரத்தில் சில நாள் நோயாளிகளையும் பார்ப்பவர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஊரில் திட்டுவார்கள். இங்கே அதற்குத்தான் சம்பளம்.

டாக்டர்களுக்கு இந்தப் பாதையை ஒழுங்குபடுத்தியது 2005-ல் வந்த வால்போர்ட் அறிக்கை. நர்ஸ்களுக்கு 2007-ல் ஃபின்ச் அறிக்கை வந்தது. அடுத்து மற்ற துறையினருக்கும் கதவு திறந்தது. இரண்டு வருட இடைவெளிதான், ஆனால் நடைமுறையில் வித்தியாசம் பெரிது. நர்ஸ்கள், மிட்வைஃப்கள், தெரபிஸ்ட்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான் கிளினிக்கல் அகாடமிக் என்பது பல வருடமாகச் சொல்லப்படும் கணக்கு. அதை நூற்றுக்கு ஒருவராக உயர்த்துவதுதான் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் சங்கம் வைத்த இலக்கு. உங்கள் வார்டில் இப்படி ஒருவரைக்கூட நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஆச்சரியமில்லை.

படி 1: கேள்வியை வேலையிலிருந்தே எடுங்கள்

குழந்தைகள் ஐசியூவில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாயில் பால் போகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் அந்தக் குழாயில் சிரிஞ்சை மாட்டி இழுக்கிறார். வயிற்றில் மிச்சம் எவ்வளவு என்று அளந்து சார்ட்டில் எழுதுகிறார். அளவு கூடுதலாக இருந்தால் பாலை நிறுத்துகிறார். ஏன்? காலங்காலமாக அப்படித்தான். லிவோன் டியூம் என்ற குழந்தைகள் ஐசியூ நர்ஸ் இந்த "ஏன்" என்பதைப் பிடித்துக்கொண்டார். இப்படி அளப்பதால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா, அல்லது குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பால் வீணாகத் தடைபடுகிறதா என்பதே அவர் கேள்வி. அதைச் சோதிக்க ஒரு பெரிய டிரையல், அதாவது சோதனை ஆய்வு, நடத்த முடியுமா என்று பார்த்த கேஸ்ட்ரிக் ஆய்வு அரசு நிதியில் நடந்து 2020-ல் வெளியானது. அவர் இன்று பேராசிரியர்.

வென்டிலேட்டரிலிருந்து குழந்தையை எப்போது எடுக்கலாம் என்ற பேச்சில் நர்ஸுக்கும் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தது சாண்ட்விச் டிரையல். அதை வழிநடத்திய பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரோனா பிளாக்வுட் நர்ஸாக இருந்து வந்தவர். 18 ஐசியூக்கள், 8,843 குழந்தைகள். முடிவு 2021-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. குழாயை எடுக்க ஆன நேரம் 66.2 மணியிலிருந்து 64.8 மணியாகக் குறைந்தது. சிறிய வித்தியாசம்தான். நோயாளிக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது விவாதத்துக்குரியது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அந்த நேர்மையும் இந்த வேலையில் ஒரு பகுதி.

ஆக, நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்த கேள்வியைவிட, ஷிப்டில் மூன்று தடவை எரிச்சலூட்டிய கேள்வி நல்லது. போனில் ஒரு குறிப்புப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு "இதை ஏன் செய்கிறோம்?" என்று தோன்றும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். குழந்தையின் பெயரோ அடையாளமோ மட்டும் அதில் வரக்கூடாது.

எல்லோருக்கும் கேள்வி தானாக வராது. அவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு 2004-லிருந்து நோயாளிகள், குடும்பங்கள், மருத்துவப் பணியாளர்களைச் சேர்த்து உட்காரவைத்து, எந்தக் கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. குழந்தைப் புற்றுநோய்க்கான முதல் பத்துக் கேள்விகள் 2022-ல் வந்தன. உங்கள் துறைக்கும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ள கேள்வி என்றால் "இது யாருக்கு வேண்டும்?" என்று எந்தக் குழுவும் உங்களைக் கேட்க முடியாது.

படி 2: பதில் ஏற்கெனவே இருக்கிறதா?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம். அறுவை சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் தாகத்தோடு நெடுநேரம் காத்திருக்கிறார்கள். அழுகிறார்கள், ரத்தக்குழாய் கிடைப்பது சிரமமாகிறது. "குழந்தைகளுக்கு எவ்வளவு நேரம் வரை தண்ணீர் கொடுக்கலாம்?" என்று ஆராய ஆசைப்படுகிறீர்கள்.

மருத்துவமனை நூலகரிடம் போங்கள். என்.எச்.எஸ். நூலகர்கள் உங்களுக்காக இலவசமாகத் தேடித் தருவார்கள். இந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் ரொம்பக் குறைவு. தேடினால், மயக்க மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் கொடுக்கலாம் என்று 2018-லேயே குழந்தை மயக்கவியல் அமைப்புகள் கூட்டாகச் சொல்லிவிட்டன என்பது தெரியும். உங்கள் கேள்வி செத்துப்போனதா? இல்லை, மேலும் சுவாரஸ்யமாகிவிட்டது. விதி ஒரு மணி நேரம் என்கிறது, அப்படியும் உங்கள் வார்டுக் குழந்தை ஐந்து மணி நேரம் காய்கிறது என்றால், இடையில் எங்கே சிக்குகிறது? கடிதத்தில் பழைய விதி இருக்கிறதா, தியேட்டர் பட்டியல் மாறுவதை யாரும் வார்டுக்குச் சொல்வதில்லையா, பெற்றோர் பயந்து தாங்களாகவே நிறுத்துகிறார்களா?

இந்த இடத்தில் மூன்று வேலைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். விதிப்படி நடக்கிறோமா என்று சரிபார்த்தால் அது ஆடிட். நம் வார்டில் இப்போது என்ன நடக்கிறது என்று மட்டும் அளந்தால் சர்வீஸ் எவால்யுவேஷன். ஒரு புதிய முறையைப் பிற மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் விதத்தில் சோதித்தால் ரிசர்ச். கடைசி வகைக்குத்தான், ஆய்வு நெறியைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். முதல் இரண்டுக்குப் பொதுவாக மருத்துவமனைக்குள் பதிவு செய்தால் போதும். எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் சுகாதார ஆராய்ச்சியை ஒழுங்குபடுத்தும் ஹெல்த் ரிசர்ச் அத்தாரிட்டியின் இணையதளத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே தெரிந்துவிடும்.

ஆடிட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சிறிய ஆடிட் ஒன்றை முடித்து மருத்துவமனைக் கூட்டத்தில் போஸ்டராக வைத்தவருக்கும், "எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதுபவருக்கும் விண்ணப்பத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

படி 3: பணம் செலவில்லாத அடித்தளம்

ஜி.சி.பி. பயிற்சி, அதாவது ஆய்வுகளைப் பாதுகாப்பாகவும் நெறியோடும் நடத்தும் முறை பற்றிய பயிற்சி. என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு என்.ஐ.எச்.ஆர். தளத்தில் இலவசம், ஆன்லைனிலேயே முடிக்கலாம். இந்த என்.ஐ.எச்.ஆர். பெயர் இனி அடிக்கடி வரும். 2006-ல் தொடங்கிய, அரசு நிதியில் இயங்கும் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் அது. இங்கிலாந்தில் இந்தப் பாதையின் முக்கியமான கஜானாவும் அதுவே.

அசோசியேட் பி.ஐ. திட்டம். உங்கள் மருத்துவமனையில் நடக்கும் ஒரு ஆய்வில் அங்குள்ள தலைமை ஆய்வாளரோடு (பி.ஐ.) குறைந்தது ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்தால் சான்றிதழ் உண்டு. டாக்டர்கள் மட்டுமல்ல, நர்ஸ்களும் தெரபிஸ்ட்களும் சேரலாம். வேலையை விடாமலே ஆராய்ச்சியின் உள்ளரங்கத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எல்லா ஆய்வுகளும் இதில் பதிவாகியிருக்காது என்பதால், மருத்துவமனையில் ஆராய்ச்சிகளைக் கவனிக்கும் ஆர் அண்ட் டி அலுவலகத்தில் எந்தெந்த ஆய்வுகள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, என்.ஐ.எச்.ஆர். ரிசர்ச் சப்போர்ட் சர்வீஸ். ஆய்வு நிதியான கிராண்டுக்கு விண்ணப்பம் போட நினைக்கும் எவருக்கும் புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு பற்றி இலவச ஆலோசனை தருவார்கள். கடைசி வாரத்தில் போனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாதம் முன்பே போனால் விண்ணப்பத்தின் தரமே மாறும்.

படி 4: மேனேஜரிடம் பேசுவது

இதுதான் பலரும் தள்ளிப்போடும் படி. பாதிப் பேர் நின்றுவிடுவதும் இங்கேதான்.

"எனக்கு ரிசர்ச் செய்ய ஆசை, சப்போர்ட் பண்ணுவீர்களா?" என்று கேட்டால் எல்லா மேனேஜரும் "கண்டிப்பாக" என்பார்கள். அதற்கு அர்த்தம் எதுவுமில்லை. அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையான ரோட்டாவில் எதுவும் மாறியிருக்காது. கேட்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள். "அடுத்த மூன்று மாதத்துக்கு, மாதம் ஒரு நாள், ரோட்டாவில் ஸ்டடி டே என்று போட முடியுமா? இந்த ஆடிட்டை முடித்து ஜூன் மாத வார்டு மீட்டிங்கில் சொல்கிறேன்." இப்படிக் கேட்டால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பதில் வந்தே தீரும். ஆம் என்றால் அன்றே ஈமெயிலில் நன்றி சொல்லி விவரத்தையும் எழுதிவிடுங்கள். மேனேஜர் மாறுவார், மேட்ரன் மாறுவார், அந்த ஈமெயில் இருக்கும்.

மேனேஜரின் பக்கமும் யோசிக்க வேண்டும். அவருக்கு ஆள் பற்றாக்குறை. உங்களை அனுப்பினால் அந்த இடத்தை நிரப்பப் பணம் வேண்டும். ஆராய்ச்சிக்கான நிதி விருதான ஃபெல்லோஷிப் கிடைத்தால் உங்கள் சம்பளத்தை அதுவே தரும், அதை வைத்து உங்கள் இடத்துக்கு வேறு ஒருவரை எடுக்கலாம். இதைப் பேக்ஃபில் என்பார்கள். இந்தக் கணக்கு தெரியாத மேனேஜர்கள் இருக்கிறார்கள். நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் அதே சமயம் போடுங்கள். டாக்டர்கள் அல்லாத என்.எச்.எஸ். ஊழியர்களின் சம்பள முறையான அஜெண்டா ஃபார் சேஞ்சில், பேண்ட் 4-லிருந்து மேலே இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம் கூடுதல், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல். ஷிப்ட் பார்ப்பவர்களின் கையில் வரும் பணத்தில் இது கணிசமான பகுதி. ஊருக்குப் பணம் அனுப்புபவர்களுக்கு இன்னும் முக்கியம். திங்கள் முதல் வெள்ளி வேலைக்கு மாறிய மாதமே இது நின்றுவிடும். ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் சம்பளத்தைக் கணக்கிடும்போது எதையெல்லாம் சேர்க்கலாம் என்று நிதி அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். பேண்ட் உயர்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பேஸ்லிப்பில் தொகை குறைந்திருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைவது தேவையில்லாத வேதனை.

படி 5: சூப்பர்வைசரும் இடமும்

பெரிய பெயருள்ள பேராசிரியர் ஒருவர், மாதம் ஒருமுறையாவது உங்கள் ஈமெயிலுக்குப் பதில் போடும் இளைய ஆய்வாளர் ஒருவர், உங்கள் நோயாளிகளைத் தெரிந்த கிளினிக்கல் ஆள் ஒருவர். இந்த மூவர் இருந்தால் போதும். பெயருக்காக மட்டும் ஒருவரைப் பிடித்தால் பிறகு கஷ்டம்.

முதல் ஈமெயிலை நீளமாக எழுதாதீர்கள். நீங்கள் யார், எங்கே வேலை, உங்கள் கேள்வி ஒரே வரியில், இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், 20 நிமிடம் பேச முடியுமா. இவ்வளவு போதும். "ரெஸ்பெக்டட் சார்" பாணியும் அரைப்பக்கப் புகழ்ச்சியும் இங்கே எதிர் விளைவைத்தான் தரும்.

இடம் என்று பார்த்தால் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை தனி ரகம். 1852-ல் பத்துப் படுக்கைகளோடு தொடங்கியது. இன்று குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஒரே என்.ஐ.எச்.ஆர். பயோமெடிக்கல் ரிசர்ச் சென்டர் அங்கேதான். நர்ஸ்கள், தெரபிஸ்ட்களின் ஆராய்ச்சிக்கென்று ஆர்க்கிட் என்ற தனி மையமும் அங்கே உண்டு. அரிய நோய்களுக்கான சாயெத் ஆராய்ச்சி மையம் 2019-ல் பக்கத்திலேயே திறந்தது. ஆனால் லண்டன்தான் எல்லாம் என்றில்லை. லிவர்பூல் ஆல்டர் ஹே, பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு குழந்தைகள் மருத்துவமனைகள் 2022-லிருந்து அந்த ரிசர்ச் சென்டரின் பங்காளிகள். அங்கே வீட்டு வாடகையும் குறைவு, மூன்று வருட ஃபெல்லோஷிப்புக்கு அதுவும் ஒரு காரணம்தான். மாவட்டப் பொது மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இருப்பவர்களும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து விண்ணப்பிக்கலாம்.

படி 6: குழந்தைகளையும் பெற்றோரையும் முதலிலேயே கூட்டுங்கள்

ஆய்வை வடிவமைத்து முடித்துவிட்டு, கடைசியில் இரண்டு பெற்றோரிடம் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பது இப்போது எடுபடாது. ஜெனரேஷன் ஆர் என்ற பெயரில் லிவர்பூல், பர்மிங்ஹாம், லண்டன் போன்ற இடங்களில் இளையோர் ஆலோசனைக் குழுக்கள் இயங்குகின்றன. டீன் ஏஜ் பிள்ளைகள் உங்கள் தகவல் தாளைப் படித்துவிட்டு, "இதை என் தம்பி ஒரு வரிகூடப் படிக்க மாட்டான்" என்று நேராகச் சொல்வார்கள். எந்தப் பேராசிரியரின் கருத்தைவிடவும் பயனுள்ள கருத்து அது. அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதால் பட்ஜெட்டில் சேருங்கள்.

தமிழ் வாசகர்களுக்காகத் தனியாக ஒன்று. ஆங்கிலம் சரளமாகப் பேசாத குடும்பங்களைப் பல ஆய்வுகள் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன, மொழிபெயர்ப்புச் செலவு கூடுதல் என்பதால். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களிலிருந்து வரும் ஈழத் தமிழ்க் குடும்பங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியாக இருக்கும், பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வரும். அப்பம்மாவிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். இது ஆராய்ச்சியில் உண்மையான பலம், விண்ணப்பத்தில் தைரியமாக எழுதலாம். ஆனால் வார்டில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீங்கள் என்பதற்காக, உங்கள் ஆய்வின் ஒப்புதல் பேச்சுக்கு நீங்களே மொழிபெயர்ப்பாளராக உட்காராதீர்கள். மறுக்க நினைக்கும் குடும்பம் உங்கள் முகத்துக்காகச் சம்மதித்துவிடும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கேளுங்கள்.

படி 7: நிதி ஏணி

பெயர்கள் அடிக்கடி மாறும். என்.ஐ.எச்.ஆர். தன் பெயரின் விரிவையே 2022-ல் மாற்றிக்கொண்டது. ஆகவே திட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்யாமல், எந்தப் படி என்று பாருங்கள்.

முதல் படி, இன்டர்ன்ஷிப் அல்லது ஆராய்ச்சி முதுகலைப் படிப்பான எம்.ரெஸ். இன்டர்ன்ஷிப் என்றால் சில மாதங்களுக்குக் குறிப்பிட்ட நாட்கள் ஆராய்ச்சிக்கு. இரண்டாவது, பிஎச்.டி.க்கு முந்தைய ஃபெல்லோஷிப். பிஎச்.டி. விண்ணப்பத்தைத் தயாரிப்பதற்கே சம்பளத்தோடு நேரம் தருவது இது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பவர்கள் அதிகம், எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படவில்லை. மூன்றாவது, பிஎச்.டி. ஃபெல்லோஷிப். சம்பளம், கல்விக் கட்டணம், ஆய்வுச் செலவு, பயிற்சிச் செலவு எல்லாம் சேர்த்துத் தருவார்கள். முழுநேரமாக மூன்று வருடம், பகுதி நேரமென்றால் அதற்கேற்ப நீளும். நான்காவது, பிஎச்.டி.க்குப் பிந்தைய விருதுகள். அதில் கிளினிக்கும் ஆராய்ச்சியும் கிட்டத்தட்டப் பாதிப்பாதி.

மருத்துவமனை அறக்கட்டளைகளையும் மறக்காதீர்கள். பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளுக்குச் சொந்த அறக்கட்டளை இருக்கும், சிறிய தொகைகளை ஊழியர்களுக்கே ஒதுக்கும். போட்டியும் குறைவு.

டாக்டர்களுக்கு ஏணி தனி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பு முடித்தவுடன் வரும் ஃபவுண்டேஷன் கட்டத்தில், ஆராய்ச்சியும் சேர்ந்த ஸ்பெஷலைஸ்டு திட்டம். பிறகு அகாடமிக் கிளினிக்கல் ஃபெல்லோ (ஏ.சி.எஃப்.), மூன்று வருடம் வரை, நேரத்தில் 25 சதவீதம் ஆராய்ச்சிக்கு. அதில் இருக்கும்போதே பிஎச்.டி. நிதிக்கு விண்ணப்பம். பயிற்சியிலிருந்து வெளியே வந்து ஆராய்ச்சி செய்ய ஓ.ஓ.பி.ஆர். என்ற அனுமதி, வழக்கமாக மூன்று வருடம் வரை. திரும்பி வந்து கிளினிக்கல் லெக்சரர், பாதி நேரம் ஆராய்ச்சி. குழந்தை மருத்துவப் பயிற்சி 2023 ஆகஸ்டிலிருந்து எட்டு வருடத்திலிருந்து ஏழாகச் சுருக்கப்பட்டிருப்பதால், எந்த வருடத்தில் வெளியே போவது என்று முன்பைவிடச் சீக்கிரமே முடிவெடுக்க வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ எம்.டி. முடித்து, பயிற்சிப் பதவியில் இல்லாமல் ட்ரஸ்ட் டாக்டராக வந்தவர்களுக்கு ஏ.சி.எஃப். அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் சம்பளத்தோடு கூடிய ரிசர்ச் ஃபெல்லோ பதவி வழியாக உள்ளே போவது எளிது.

விசா, கட்டணம்: கையெழுத்துக்கு முன்

வேலைக்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் பகுதி நேரமாகப் படிக்கலாம். பிரச்சினை படிப்பில் இல்லை, வேலையில் வரும் மாற்றத்தில். மணி நேரம் குறைந்தாலோ, சம்பளம் இறங்கினாலோ, சம்பளம் தருவது மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகமாக மாறினாலோ, உங்கள் ஸ்பான்சர்ஷிப் பாதிக்கப்படலாம். எச்.ஆர். துறையின் விசா ஆளிடம் எழுத்தில் பதில் வாங்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

இன்னொரு குழி, கல்விக் கட்டணம். ஃபெல்லோஷிப்கள் பெரும்பாலும் உள்நாட்டு மாணவர் கட்டணத்தைத்தான் தரும். உங்களை வெளிநாட்டு மாணவர் என்று பல்கலைக்கழகம் வகைப்படுத்தினால் மிச்சத்தை யார் கட்டுவது? சில பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி செய்யும், சில செய்யாது. விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள்.

நர்ஸ்களுக்கு இன்னொன்று. ஊரில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி.யில் பெரியவர்களுக்கான அடல்ட் நர்ஸாகப் பதிவாகியிருப்பார்கள். குழந்தைகள் மருத்துவமனையின் சில ரிசர்ச் பதவிகள் குழந்தை நர்ஸ் பதிவு கேட்கும், சில பதிவு பெற்ற நர்ஸ் என்றால் போதும் என்கும். விளம்பரத்தில் தெளிவில்லை என்றால் போன் செய்து கேட்பதில் தப்பே இல்லை. டிப்ளமா மட்டும் உள்ளவர்கள் எம்.ரெஸ்ஸுக்கு முன் பட்டப்படிப்பாக உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 8: விண்ணப்பமும் நேர்காணலும்

பிஎச்.டி. ஃபெல்லோஷிப்பில் குழு பார்ப்பது ஆள், திட்டம், இடம். திட்டத்தை மட்டும் மெருகேற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஆள் பகுதியில் கோட்டை விடுவார்கள். "என்னிடம் இந்தத் திறமை இல்லை, இந்தப் பயிற்சியை இந்த மாதத்தில் எடுப்பேன், அதை இந்த வேலைக்குப் பயன்படுத்துவேன்" என்று எழுதுவது பலவீனம் ஆகாது. ஃபெல்லோஷிப் என்பதே பயிற்சிக்கான விருது.

எளிய மொழிச் சுருக்கத்தைக் கடைசி இரவில் எழுதாதீர்கள். பொதுமக்கள் பிரதிநிதிகளும் அதைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். நம் உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், "முன்னறுவை உண்ணாநிலை நெறிமுறைகளின் நடைமுறைப்படுத்தல் தடைகளை ஆராய்தல்" என்று ஆரம்பித்தால் படிப்பவர் அங்கேயே தூங்கிவிடுவார். "அறுவை சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை குழந்தைகள் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் பலர் அதைவிடப் பல மணி நேரம் தாகத்தோடு காத்திருக்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடித்து, மாற்ற ஒரு வழியைச் சோதிக்கப் போகிறேன்." இப்படி எழுதினால் அடுத்த பக்கத்துக்குப் போவார்.

நேர்காணலில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் இடைஞ்சல் செய்யும். "நாங்கள் செய்தோம்", "டீம் செய்தது" என்றே பேசுவோம். அடக்கம் நல்லதுதான், ஆனால் குழுவுக்குத் தெரிய வேண்டியது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. நான், நான் என்று சொல்லிப் பழகுங்கள்.

விண்ணப்பம் திறப்பதிலிருந்து ஃபெல்லோஷிப் தொடங்குவது வரை ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். முதல் முறையே கிடைக்காமல் போவது சாதாரணம். குழு தரும் கருத்துகளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த சுற்றில் அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

படி 9: ஒப்புதல் என்ற பெரிய விஷயம்

குழந்தைகள் ஆராய்ச்சியைப் பெரியவர்கள் ஆராய்ச்சியிலிருந்து பிரிப்பது இதுதான். மருந்து டிரையல்களில் 2004 சட்ட விதிகளின்படி 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ சட்டப் பொறுப்பாளரோதான் ஒப்புதல் தர முடியும், பிள்ளை எவ்வளவு விவரமாக இருந்தாலும் சரி. மருந்து அல்லாத ஆய்வுகளில், 1985-ல் வந்த கில்லிக் தீர்ப்பின் வழியில் பிள்ளையின் புரிதல் திறனையும் கணக்கில் எடுப்பார்கள். எதுவானாலும் சின்னக் குழந்தையிடமும் அதன் வயதுக்கேற்ற விதத்தில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். ஆகவே ஒரே ஆய்வுக்குப் பெற்றோருக்கு ஒன்று, டீன் ஏஜ் பிள்ளைக்கு ஒன்று, படம் போட்டுச் சின்னவர்களுக்கு ஒன்று எனத் தனித்தனித் தாள்கள். இதற்கே வாரங்கள் போகும், காலக்கெடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசர சிகிச்சையில் கதை வேறு. மூச்சுத் திணறலோடு ஐசியூவுக்கு வரும் குழந்தையின் அம்மாவிடம் அந்த நிமிடத்தில் பத்துப் பக்கத் தாளைக் கொடுக்க முடியாது. அந்தச் சட்ட விதிகளுக்கு 2008-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவசர நிலையில் எத்திக்ஸ் குழுவின் அனுமதியோடு குழந்தையை முதலில் ஆய்வில் சேர்த்துவிட்டு, நிலைமை அடங்கியதும் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்கலாம். 15 ஐசியூக்களில் 2,040 குழந்தைகளோடு நடந்து 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆக்ஸி-பிக்யூ டிரையல் அப்படித்தான் நடந்தது. ஆக்ஸிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்தில் வைத்தால் போதுமா என்பது அதன் கேள்வி. அந்தப் பிந்தைய பேச்சு பெரும்பாலும் படுக்கையருகில், நர்ஸ் மூலமாகத்தான் நடக்கும். குழந்தை இறந்துபோன வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் முன்கூட்டியே திட்டத்தில் எழுத வேண்டும். இந்தப் பேச்சை நடத்தத் தெரிந்த ஆள் ஆய்வுக் குழுவில் எவ்வளவு அரிது என்பது டிரையல் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

விண்ணப்பம் ஐராஸ் என்ற ஒரே ஆன்லைன் அமைப்பு வழியாகப் போகும். குழந்தைகள் ஆய்வுகளில் பழகிய எத்திக்ஸ் குழுவைத் தேர்ந்தெடுங்கள். குழுக் கூட்டத்துக்கு அழைத்தால் நேரில் போங்கள் அல்லது வீடியோவில் சேருங்கள்.

படி 10: பிஎச்.டி. நடக்கும்போதும், அப்புறமும்

ஃபெல்லோஷிப் காலத்தில் கிளினிக் நாளை விட்டுவிடாதீர்கள். பதிவைப் புதுப்பிக்கவும் அது வேண்டும், உங்கள் கேள்வி உயிரோடு இருக்கவும் வேண்டும். எதிர்ப்பக்கம்தான் அதிகம் கசியும். வார்டில் ஆள் இல்லை என்று ஆராய்ச்சி நாளில் போன் வரும். ஒருமுறை போனால் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்கள். ஃபெல்லோஷிப் ஒப்பந்தத்தில் அந்த நேரத்தை மருத்துவமனை பாதுகாக்கும் என்று கையெழுத்திட்டிருப்பதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

பிஎச்.டி. முடிந்த பிறகுதான் உண்மையான பள்ளம். டாக்டருக்கு லெக்சரர் பதவி என்ற பலகை இருக்கிறது. நர்ஸுக்கும் தெரபிஸ்ட்டுக்கும் பல மருத்துவமனைகளில் அப்படியொரு பதவியே இல்லை. டாக்டர் பட்டத்தோடு பழைய பேண்டுக்கு, பழைய ரோட்டாவுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இது தனிமனிதரின் குறை கிடையாது, அமைப்பில் உள்ள ஓட்டை. பிஎச்.டி.யின் கடைசி வருடம் தொடங்கும்போதே தலைமை நர்ஸையோ தெரபி தலைவரையோ சந்தித்து, பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் பாதிப்பாதி சம்பளம் தரும் கூட்டுப் பதவி சாத்தியமா என்று கேளுங்கள்.

அப்படி ஒரு பதவி வந்தால் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இவை. உங்களுக்கு முதன்மை முதலாளி யார்? மற்ற இடத்தில் சம்பளமில்லாத ஹானரரி ஒப்பந்தமா? என்.எச்.எஸ். பென்ஷன் தொடருமா, பல்கலைக்கழகப் பென்ஷனுக்கு மாறுமா? மகப்பேறு விடுப்புக்கு இரண்டு இடத்துச் சேவைக் காலமும் சேர்த்து எண்ணப்படுமா? நிரந்தரமா, கிராண்ட் முடிந்தால் முடிந்துவிடுமா? வருடாந்திர அப்ரைசல் இரண்டு இடத்திலும் தனித்தனியா, ஒன்றாகவா? ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக வைத்தால் இரண்டு மேனேஜர்களும் ஆளுக்கு முக்கால் பங்கு வேலை கேட்பார்கள்.